கழனியின் மேல் ஒரு பழி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்குச் சற்று முன்னே தண்டலம் என்னும் ஊர் இருக்கிறது. ஒரு புறம் செம்பரம்பாக்கம் ஏரி விரிந்து கிடக்கிறது. மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையில் மோட்டார் வண்டிகளும், அவற்றின் உறுப்புகளும், மின்சார சாதனங்களும் செய்யும் ஆலைகள் வரிசை வரிசையாக எழுந்துள்ளன. அவற்றின் இடையிடையே எஞ்சி நிற்கும் ஏரிப் பாசனக் கழனிகளில் இன்றும் நெல் விளைகிறது. அப்பகுதி அங்கத்தினர் ஒருவர் அண்மையில் சற்றுக் கோபத்துடனேயே நம்மைக் கேட்டார்: "நெல் வயலிலிருந்து கிளம்பும் வாயு உலகத்தைச் சூடாக்குகிறதாமே! இத்தனை ஆலைகளுக்கும் இத்தனை வண்டிகளுக்கும் நடுவில், அரைக் காணி கழனி வைத்திருப்பவன் தலையிலா இந்தப் பழி விழ வேண்டும்?"

கேள்வி நியாயமானதே. ஆயினும் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. ஒரு வாயு எங்ஙனம் பூமியைச் சூடாக்குகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால்தான், யார் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க இயலும்.

சூரியனிடமிருந்து வரும் ஒளி காற்றை எளிதில் ஊடுருவி வந்து தரையில் விழுகிறது. தரை சூடேறுகிறது. சூடேறிய எப்பொருளும் கண்ணுக்குப் புலப்படாத உஷ்ணக் கதிர்களை வெளியே வீசும். இரவில், வெயில்பட்ட சுவரின் அருகே நின்றால் முகத்தில் படும் சூடு அத்தகையது. பூமியும் இங்ஙனமே தன் சூட்டை ஆகாயத்தை நோக்கி வீசுகிறது. அந்தக் கதிர்கள் யாவும் தடையின்றி வெளியேறிவிடுமானால், பூமியின் சராசரி உஷ்ணம் நீர் உறையும் நிலைக்கும் கீழே 18 டிகிரி அளவில் நிற்கும். அவ்வாறின்றி, மேலே சுமார் 15 டிகிரியில் நின்று உயிர்களைக் காப்பதற்குக் காரணம், காற்றிலுள்ள சில வாயுக்கள் அக்கதிர்களை விழுங்கி, அவற்றில் ஒரு பகுதியைத் தரையை நோக்கித் திருப்பி வீசுவதே ஆகும்.

நெசவாளராகிய அங்கத்தினர்களுக்கு இதைப் போர்வை என்று சொல்லிவிட்டால் போதும். போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உடலின் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. நெசவின் நெருக்கம் கூடக்கூடத் தாமதமும் கூடும். குளிர் நாடுகளில் செடி வளர்ப்பதற்குக் கட்டும் கண்ணாடிக் கொட்டகையை உவமையாகக் கொண்டு, விஞ்ஞானிகள் இவற்றுக்குப் பசுமை இல்ல வாயுக்கள் என்று பெயர் சூட்டினார்கள். ஒரகடம் ஆலைகளின் வெளியே, கண்ணாடி ஏற்றி நிறுத்திய புது வண்டிக்குள் கையை நுழைத்துப் பார்த்தவர்களுக்கு அக்கொட்டகையின் சூடு எத்தகையது என்று தெரியும். உண்மையில், வண்டிக்குள் அடைபட்டுக் கிடப்பது பெரும்பாலும் சூடான காற்று; வாயு மண்டலத்தில் தடுக்கப்படுவதோ உஷ்ணக் கதிர். எனவே உவமை முழுதும் பொருந்தாது. பெயர் நிலைத்துவிட்டது, நாமும் அதையே வழங்குவோம்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி பிராணவாயு. இவ்விரண்டும் உஷ்ணக் கதிர்களைத் தடுப்பதே இல்லை. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்னும் மாதரசி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, கரியமில வாயு அடைத்த குழாயே மிகுதியாகச் சூடேறக் கண்டார். 1859 முதல் லண்டனில் ஜான் டிண்டால், உஷ்ணக் கதிர்களையே ஒவ்வொரு வாயுவினூடும் செலுத்தி அளந்தார். நீராவியும் கரியமில வாயுவும் அக்கதிர்களை விழுங்குவதும், நைட்ரஜனும் பிராணவாயுவும் அவற்றைப் போக விடுவதும் அப்போது ஐயமறத் தெளிவாயின. நிலக்கரியை எரித்துக் காற்றில் கரியமில வாயுவைப் பெருக்கினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896இல் ஸ்வீடன் தேசத்து அரேனியஸ் கையால் கணக்கிட்டார். ஆகவே இஃது ஏதோ நேற்றுக் கிளப்பிவிட்ட புரளி என்று எண்ணுவதற்கில்லை.

கரியமில வாயு, காற்றில் பத்து லட்சம் பங்கில் சில நூறு பங்கே உள்ளது. இவ்வளவு சொற்பமான பொருள் என்ன செய்துவிடும் என்று கேட்போர் உண்டு. வெளுத்த வேட்டிக்கு நீலம் போடுகிறவர்களிடம் இக்கேள்வி எழாது. தொட்டி நிறைந்த நீரில் ஒரு சிட்டிகை நீலம் விழுந்தால் நீர் முழுவதும் நிறம் மாறுகிறது. நிறத்தைப் பொறுத்த மட்டில் தொட்டித் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை, சிட்டிகைதான் எல்லாம் செய்கிறது.

அந்தச் சிட்டிகை, ஆலைத் தொழில் பெருகுமுன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்தது. 1958இல் சார்லஸ் கீலிங் என்னும் விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது கருவி அமைத்து இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. இன்று 420ஐயும் கடந்துவிட்டது. மண்ணுக்கடியில் பல கோடி ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் தோண்டி எரித்ததே இதற்குத் தலையாய காரணம். 1850க்கும் 1900க்கும் இடைப்பட்ட நிலையோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி உஷ்ணம் 1.1 டிகிரி ஏறியிருந்தது. 2024ஆம் ஆண்டு, அளவெடுக்கத் தொடங்கிய நாள் முதலாக மிக உஷ்ணமான ஆண்டாகப் பதிவாயிற்று. அவ்வாண்டின் ஏற்றம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி.

ஒரு காலத்தில் கரியமில வாயு ஒன்றையே குற்றவாளி என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றியவர் ஒரு தமிழர் என்பதை நம் அங்கத்தினர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். வீரபத்திரன் ராமநாதன் 1944இல் மதுரையில் பிறந்தவர். 1965இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். படிப்பு முடிந்ததும் செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிலில் அமர்ந்தார். குளிர்பதனப் பெட்டிகளில் அடைத்த வாயு ஏன் கசிந்து வெளியேறுகிறது என்று ஆராய்வதே அவருக்கு இட்ட வேலை. பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்று, அமெரிக்கா சென்றார். அந்நாளில் குளிர்பதனத்துக்கு வழங்கிய குளோரோஃபுளோரோகார்பன் என்னும் வாயுக்கள் உஷ்ணக் கதிர்களை எவ்வளவு விழுங்கும் என்று கணக்கிட்டு 1975இல் வெளியிட்டார். அவ்வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பதினாயிரம் மூலக்கூறுகளுக்கும் மேலான வேலையைச் செய்கிறது என்பது அவர் கண்ட முடிவு. செகந்திராபாத்தில் கசிந்த அதே இனத்து வாயுதான்! சிறு உத்தியோகத்தில் கண்ட காட்சி ஒருவனுக்கு எங்கே பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல யாரால் முடியும்?

அக்கணக்குக்குப் பிறகே மற்ற வாயுக்களையும் தராசில் ஏற்றும் வழக்கம் வந்தது. அவ்வகைக் குளிர்பதன வாயுக்கள் ஆகாயத்தின் ஓசோன் படலத்தையும் அழிப்பதால், 1987இல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டு அவற்றைப் படிப்படியாக விலக்கின. மாற்றாக வந்த வாயுக்கள் ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அவையும் இளைத்தவை அல்ல. மோட்டார் வண்டிகளின் குளிர்சாதனத்தில் நெடுங்காலமாக அடைக்கப்பட்டு வரும் வாயு, எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல ஆயிரத்து முந்நூறு மடங்கு அளவுக்கு வலிமை உடையது. 2016இல் கிகாலி நகரில் செய்த உடன்பாட்டின்படி, நம் நாடு இவ்வகை வாயுக்களை 2032 முதல் குறைத்து, 2047க்குள் 85 விழுக்காடு நீக்க ஒப்புக்கொண்டுள்ளது. வண்டிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் செய்யும் நம் வட்டார ஆலைகளுக்கு இது மிக நெருங்கிய செய்தி. அவ்வாலைகளில் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கின்றனர் என்பதையும் மறந்துவிட்டு வண்டிகளை வைது பயன் இல்லை.

இந்த உஷ்ணத்தால் நமக்கு நேர்வது என்ன? பகலில் அடிக்கும் வெயிலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நெல்லை வருத்துவதில் இரவுக்கும் பங்கு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்னும் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, கோடைப் பருவத்தில் இரவின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் மகசூல் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைகிறது எனக் காட்டிற்று. இரவு புழுக்கமாக இருந்தால் பயிர் பகலில் சேர்த்த மாவுப் பொருளை மூச்சு விடுவதிலேயே மிகுதியாகச் செலவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பகல் வெயிலும் பூக்கும் சில நாட்களில் பொல்லாததே. பூக்கும் வேளையில் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். நமது மாவட்டத்துச் சொர்ணவாரிப் பட்டம் கதிர் வாங்கும் மாதங்களை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

தறியும் தப்பவில்லை. உலர்ந்த அனலில் பருத்தி இழை முறுகி அறும். அதனாலன்றோ நம் முன்னோர் குழித்தறி அமைத்து, குழியின் ஈரத்தை இழைக்குத் துணையாக்கினார்கள். அடைமழையிலோ அதே குழியில் நீர் ஊறுகிறது. பாவு தோய்க்கத் தெருவும் இல்லை, உலர்த்த வெயிலும் இல்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் ஏழு விழுக்காடு நீராவியை மிகுதியாகத் தாங்கும். மழை கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுவதற்கு இதுவே ஏது.

மழை என்றதும் இப்பகுதியில் எவருக்கும் 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நினைவுக்கு வரும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்து, ஏரியிலிருந்து திறந்த நீர் அடையாற்றைக் கரை புரளச் செய்தது. அம்மழைக்குப் பசுமை இல்ல வாயுக்களே காரணம் என்று மேடைகளில் பேசப்படுகிறது. ஆனால் அம்மழையை முறைப்படி ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்கு அப்படியொரு தெளிவான அடையாளம் கிட்டவில்லை. வங்கக் கடலில் நிகழ்ந்திருக்க வேண்டிய சூடேற்றத்தைப் புகைமண்டலம் ஓரளவு மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இங்கும் ராமநாதன் குறுக்கிடுகிறார். 1999இல் இந்து மகாசமுத்திரத்தின் மேல் நடந்த பெரும் ஆராய்ச்சியில், தெற்காசியாவின் மேல் பழுப்பு நிறப் புகைப் படலம் ஒன்று பரந்திருப்பதை அவரும் பால் குருட்சன் முதலிய துணைவர்களும் கண்டனர். அடுப்புப் புகை, வண்டிப் புகை, ஆலைப் புகை யாவும் சேர்ந்த அப்படலம் வெயிலை மறைத்துத் தரையைக் குளிர்விக்கிறது, வாயுக்களோ சூடாக்குகின்றன. ஒன்றையொன்று ஈடு செய்தால் நல்லதுதானே என்று தோன்றும். 2006இல் அவர் பிறரோடு சேர்ந்து வெளியிட்ட கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது: புகைப் படலம், வாயுக்கள் ஆகிய இரண்டுமே இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்திருக்கின்றன.

இனி, அங்கத்தினரின் கேள்விக்கு வருவோம். சேற்றில் கால் வைத்தால் குமிழி எழுவதை நாம் பார்த்திருக்கிறோம். நீர் தேங்கி நிற்கும் கழனியில் மண்ணுக்குள் பிராணவாயு புகாது. பிராணவாயு இன்றியே வாழும் நுண்ணுயிர்கள் அங்கே தழையையும் தாளையும் எருவையும் சிதைத்து மீதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி அடுப்பில் எரிவதும் இதே வாயுதான். கழனியில் அதன் பெரும்பங்கு குமிழியாக வெளிவருவதில்லை. நெற்பயிர் தன் வேருக்குக் காற்றை இறக்க வைத்திருக்கும் தண்டின் துளைகள் வழியே, புகைபோக்கியில் புகை ஏறுவது போல மேலே ஏறிவிடுகிறது. எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் மீதேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வலிமை உடையது. காற்றில் அதன் அளவு பழைய நாளைவிட இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கழனியிலிருந்து வாயு கிளம்புகிறது என்பது, ஆகவே, மெய்யே.

எவ்வளவு என்பதில்தான் பெரும் வழக்கு நடந்தது. 1990ஐ ஒட்டி, அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் இலாகா இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கு மேல் மீதேன் வெளிப்படுவதாக மதிப்பிட்டது. மேனாட்டு வயல்களில் எடுத்த அளவை நம் நாட்டுப் பரப்பால் பெருக்கி வந்த தொகை அது. தில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஏ. பி. மித்ரா முதலிய நம் விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. 1991இல் நாட்டின் பல பகுதிகளில் வயலிலேயே கூண்டு கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். மேட்டு நிலமும் மானாவாரியும் இடையிடையே காயும் வயலும் நிறைந்த நாட்டில் கிடைத்த தொகை சுமார் 40 லட்சம் டன். அதாவது சுமத்தப்பட்ட பழியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! அளந்து பாராமல் பிறர் எழுதிய கணக்கில் கையெழுத்திடலாகாது என்பதைக் கூட்டுறவுச் சங்கத்தாருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே 1991இல் தில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வெளியிட்ட நூலொன்றில், ஏழை உழவன் உண்பதற்காக விளைக்கும் நெல்லின் வாயுவையும், செல்வ நாடுகளின் சொகுசு வண்டிகள் கக்கும் வாயுவையும் ஒரே தராசுத் தட்டில் வைப்பது முறையோ என்று கேட்டார்கள். இன்றும் ஓர் இந்தியன் சராசரியாக ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் 2 டன். ஓர் அமெரிக்கன் வெளியிடுவது சுமார் 14 டன். அன்றியும், கரியமில வாயு காற்றில் ஏறிவிட்டால் அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கும். இன்று பூமியை மூடியிருக்கும் போர்வையில் நம் பாட்டன் காலத்து மேனாட்டு நிலக்கரியின் இழைகளும் இருக்கின்றன. மீதேனோ சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்து போகும்.

எனவே அங்கத்தினருக்கு நாம் கூறும் விடை இது. கழனிக்குப் பங்கு உண்டு: மனிதர் செயலால் உலகில் வெளிப்படும் மீதேனில் நெல் வயல்களின் பங்கு நூற்றுக்கு எட்டு முதல் பத்து வரை. மாட்டினமும், நிலக்கரிச் சுரங்கங்களும், எண்ணெய்க் கிணறுகளின் கசிவும், குப்பை மேடுகளும் எஞ்சியதற்குப் பொறுப்பு. தலைமைக் குற்றவாளி கழனி அன்று. ஆனால் பழி நம்முடையது அல்ல என்பதற்காக, நமக்கு ஆதாயம் தரும் ஒரு முறையை விட்டுவிடுவது புத்திசாலித்தனமாகாது.

அம்முறை நம் உழவர் அறிந்த காய்ச்சலும் பாய்ச்சலும்தான். சேற்றில் காற்றுப் புகுந்தால் மீதேன் செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். இடைவிடாது நீர் நிறுத்திய வயலோடு ஒப்பிட, காயவிட்டுப் பாய்ச்சும் வயலில் மீதேன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நீரும் கணிசமாக மிஞ்சுகிறது. செவ்வையாகச் செய்தால் மகசூல் குறைவதில்லை. திருந்திய நெல் சாகுபடியின் அங்கங்களில் இதுவும் ஒன்று. துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் நட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இருக்குமாறு வைத்து, உட்புறத்து மண்ணை எடுத்துவிட்டால், நிலத்தடியில் நீர் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துக்கொள்ளலாம். மேல்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மறுபடி பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரங்களில் களையை அடக்க நீர் நிற்க வேண்டும். பூக்கும் காலத்திலோ காயவிடவே கூடாது. காய்ந்த வயலில் யூரியாவை அள்ளி வீசுவதும் தகாது. அதிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயு, கரியமில வாயுவைப் போல் 270 மடங்குக்கு மேல் வலியது. உரத்துக்குக் கொடுத்த காசும் காற்றோடு போகும்.

சொல்வது எளிது, ஏரிப் பாசனத்தில் செய்வது கடினம். ஒருவர் வயலில் புகுந்து மறுவர் வயலுக்கு நீர் போகும் இடத்தில், தனி ஒருவர் தம் கழனியை மட்டும் காயவிட முடியாது. நீர் விட்ட போதே நிரப்பிக்கொள்ளாவிட்டால் மறுமுறை எப்போது வருமோ என்னும் அச்சமும் பொய்யன்று. கிணற்றுப் பாசனத்தாருக்கோ மின்சாரம் இலவசமாகையால், நீரை மிச்சம் பிடிப்பதில் கைக்காசு மிஞ்சுவதில்லை. டீசல் எஞ்சின் வைத்திருப்போர்க்கு மட்டும் மிஞ்சும். எனவே ஒரு மடையின் கீழுள்ளவர்கள் கூடிப் பேசி முறை வகுத்துக்கொண்டு, நீர்க்கட்டியையும் அதில் சேர்த்துக்கொண்டால்தான் இது நடக்கும். வரும் நவரைப் பட்டத்தில் ஏதேனும் ஒரு மடையில் இதைச் செய்து பார்க்க விரும்பும் அங்கத்தினர்கள், நாற்று விடுவதற்கு முன்பே தங்கள் சங்கத்தில் தெரிவித்தால், எல்லோருக்குமாகச் சேர்த்துக் குழாய்களை வெட்டித் துளையிட்டு வைக்கலாம். ஒரு வயலுக்கு ஒரு குழாய் போதும். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் நடுவது நல்லது.